விண்டோஸ் போன பிறகு ஆடிய கிரிக்கெட்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து கண்ணமங்கலத்தைத் தாண்டிய பிறகு சந்தவாசலில் நிற்கும். படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேதான் இறங்கி மேற்கே திரும்புவார்கள். ஆடி வெள்ளிகளில் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் நெல், நிலக்கடலை, வாழை, மேற்கில் எப்போதும் தெரிகிற ஜவ்வாது மலை, அவ்வளவுதான் ஊர். கணினி என்றால் வங்கியிலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் கவுண்டருக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒரு பொருள். அதில் கை வைக்கிற உரிமை நம்மைச் சேர்ந்தவர்களுக்கு வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு பிளஸ் டூ படித்த எங்கள் வகுப்புக்கும் வந்தது. பையிலும் மூடியிலும் முதல்வர் படம். அப்பா அதைத் துண்டால் துடைத்து, சாமி மாடத்துக்குக் கீழே வைத்து, ஒரு நாள் முழுக்க யாரையும் தொட விடவில்லை.

பொத்தானை அழுத்தினால் கருப்புத் திரையில் ஒரு சிறிய பட்டியல் வரும். ஒரு வரி விண்டோஸ். இன்னொரு வரி பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. இலவச மடிக்கணினியில் லினக்ஸ் மட்டுமே இருக்கட்டும், அரசுப் பணத்தில் விண்டோஸ் எதற்கு என்று அப்போது கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் எதுவும் எங்கள் காதுக்கு வரவில்லை. விண்டோஸ் வரியில் எண்டர் தட்டுவோம். இன்னொரு வரி எதற்கு இருக்கிறது என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. வந்த விண்டோஸோ 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்'. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. அதற்கே நாங்கள் அவ்வளவு விசுவாசமாக இருந்தோம்.

விசுவாசத்துக்குக் காரணம் கேம். சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம் என்று மூன்று ஊருக்கும் சேர்த்து பென் டிரைவ் சுற்றிக்கொண்டிருந்தது. வைஸ் சிட்டி, ஐஜிஐ, ரோட் ராஷ், எல்லாவற்றுக்கும் மேலாக ஈஏ கிரிக்கெட் 07. 2006 நவம்பரில் வந்த கேம் அது. ஈஏ நிறுவனம் அதற்குப் பிறகு கணினிக்குக் கிரிக்கெட் கேமே வெளியிடவில்லை. அதனால் ஆறு வருஷம் கழித்தும் எங்களுக்கு அதுதான் புதுசு. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து தவிர்த்த அணிகளுக்கு உரிமம் வாங்காததால் நம் ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் திரிந்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் பெயர்களைத் திருத்தி, ஐபிஎல் அணிகளைச் சேர்த்து, மஞ்சள் சட்டை போட்டு ஒரு பேட்ச் செய்திருந்தார். அந்தப் பேட்ச் உள்ள பென் டிரைவ் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் வகுப்பில் மரியாதை. ஒரிஜினல் சிடி விற்கிற கடையை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

பென் டிரைவோடு வைரஸும் வரும் அல்லவா. ஃபோல்டர் படத்தைப் போட்டுக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும் ஒரு எக்ஸ்ஈ. இரட்டைக் கிளிக் செய்தால் கதை முடிந்தது. அந்த மழைக்காலத்துக்குள் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு விண்டோஸ் போய்விட்டது. எனக்கும் போனது. ஆரணியில் ஒரு கடையில் 'ஓஎஸ் போட' ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். "அரசாங்கம் குடுத்ததுக்கு நாம ஏன்டா காசு குடுக்கணும்?" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மிச்சமிருந்தது அந்த இரண்டாவது வரி.

பாஸ் லினக்ஸ் திறந்தது. மெனு தமிழில் வந்தது. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், தட்டச்சு செய்யலாம். நண்பர்களின் பென் டிரைவைச் செருகினால் அந்த வைரஸ் எக்ஸ்ஈ ஒன்றும் செய்ய முடியாமல் சாதாரணக் கோப்பாகக் கிடக்கும். பிடித்து அழித்துவிடலாம். இது தெரிந்ததும் பென் டிரைவ் சுத்தம் செய்ய என் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். ஆனால் கிரிக்கெட் 07-ஐக் கிளிக் செய்தால் எந்த நிரலில் திறப்பது என்று கேட்டுவிட்டு நின்றுவிடும். அதையும் வைரஸையும் அது ஒன்றாகவே நடத்தியது.

பெரியப்பா மகன் அப்போது வேலூர்ப் பக்கம் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. தீபாவளிக்கு வந்தவரிடம் புலம்பினேன். "வைன் போட்டுப் பார்த்தியா?" என்றார். வீட்டில் அம்மா இருந்தாள், நான் பதறிப்போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது சாஃப்ட்வேர்டா."

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் வைனின் கதையை அண்ணன் அன்று பாதிதான் சொன்னார். மீதியை நான் பிறகு தெரிந்துகொண்டேன். 1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார் என்பவரிடம் வந்தது. விண்டோஸின் மூல நிரல் அவர்களுக்குக் கிடையாது. எங்கேயாவது கசிந்து கிடைத்தாலும் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. பார்த்தவர் எழுதிய நிரலை ஏற்க மாட்டார்கள். விண்டோஸை வெளியிலிருந்து கவனித்து, இதைக் கேட்டால் அது என்ன பதில் சொல்கிறது என்று சோதித்துச் சோதித்து, அதே பதிலைச் சொல்லும் நிரலை அவர்களே எழுதினார்கள். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஜூன் ஆகிவிட்டது. 15 வருஷம். உலகின் பல மூலைகளிலிருந்து, பெரும்பாலும் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில் எழுதினார்கள். அந்த 15 வருஷ உழைப்பின் பலனைச் சந்தவாசலில் ஒரு பிளஸ் டூ பையன் காசில்லாமல் அனுபவித்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். விண்டோஸ் நிரலானாலும் லினக்ஸ் நிரலானாலும் கணக்குப் போடுவது ஒரே பிராசஸர்தான். கோப்பைத் திற, ஜன்னலை வரை, சத்தம் எழுப்பு என்று இயங்குதளத்திடம் உதவி கேட்கும் இடத்தில்தான் வித்தியாசம். கல்யாணச் சமையல்காரர் அடுப்பை விட்டு நகராமல் "ஜல்லிக்கரண்டி, அண்டா" என்று குரல் கொடுப்பார். எடுத்துத் தருவது பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கேம் குரல் கொடுக்கும். விண்டோஸ் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு வைன் எடுத்துக் கொடுக்கும். டைரக்ட்எக்ஸ் வழியாகப் படம் வரையச் சொன்னால் அதை லினக்ஸுக்குத் தெரிந்த ஓபன்ஜிஎல்லாக மாற்றிக் கொடுக்கும். முழு விண்டோஸையும் உள்ளே இன்னொரு கணினி போல ஓட்டுவதில்லை என்பதால்தான் 2 ஜிபி ரேம் உள்ள எங்கள் மடிக்கணினியிலும் அது சாத்தியமானது.

ஊரில் இணையம் இல்லை. இதுதான் பெரிய மலை. இணையம் இருந்தால் ஒரே கட்டளையில் வைன் தானாக இறங்கி உட்கார்ந்துவிடும். எங்களுக்குப் போளூரில் ஒரு பிரவுசிங் சென்டர்தான் கதி. மணிக்கு இருபது ரூபாய். அண்ணன் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த பெயரைத் தேடி, வைனை நிறுவுவதற்கான டெப் கோப்பைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு பேருந்தேறி வீட்டுக்கு வந்து நிறுவினால், 'இன்ன நூலகக் கோப்பு தேவை' என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போளூர். அவற்றை இறக்கி வந்தால் அவற்றுக்கு வேண்டியவை என்று வேறொரு பட்டியல். ஒரு எழுத்து மாறினாலும், பதிப்பு எண்ணில் ஒரு புள்ளி மாறினாலும் ஏற்காது. பிளஸ் டூ கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க அந்தப் பெயர்கள்தான். எதற்கு எது வேண்டும் என்று கோடு போட்டு இணைத்து வைத்திருந்தேன். கல்லூரியில் 'டிபெண்டன்சி' பற்றிப் பாடம் நடத்தியபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கூடவே வந்தவன் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி அத்தை வீட்டில் தங்கிப் படித்த நண்பன். சனிக்கிழமை மலைக்குப் போனால் திங்கட்கிழமை சாமை மாவும் பலாச்சுளையும் கொண்டுவருவான். கடைசிக் கோப்பும் உட்கார்ந்து, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னல் பிழை எதுவும் சொல்லாமல் அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றபோது அவன்தான் பக்கத்தில் இருந்தான்.

கேமை உடனே ஆடிவிட முடியவில்லை. பென் டிரைவில் வந்தது நிறுவப்பட்ட ஃபோல்டரின் நகல். எங்கே நிறுவப்பட்டிருக்கிறேன் என்பதை அந்தக் கேம், விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தேடும். லினக்ஸில் ரெஜிஸ்ட்ரி ஏது? வைன் அதற்கும் வழி வைத்திருந்தது. ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருந்த ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் புள்ளியில் தொடங்கும் 'வைன்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'டிரைவ் சி'. அதுதான் சி டிரைவ். உள்ளே புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் எல்லாம் இருக்கும். நாங்கள் ஐந்நூறு ரூபாய் இல்லாமல் இழந்த சி டிரைவ், வெறும் ஒரு ஃபோல்டராக அங்கே உட்கார்ந்திருந்தது. டெர்மினலில் 'வைன் ரெஜ்எடிட்' என்று தட்டினால் ரெஜிஸ்ட்ரி திறக்கும். கேமின் பாதையை அதில் எழுதினோம்.

திரை கருத்தது. இசை வந்தது, கொஞ்சம் கரகரவென்று. மெனு வந்தது. டாஸ் போட்டு மைதானத்துக்குள் போனால் புல் இருக்கிறது, ஸ்டம்ப் இருக்கிறது, பதினோரு பேரும் தலை முதல் கால் வரை கரி பூசிய மாதிரி நிற்கிறார்கள். முகமில்லை, சட்டையில்லை. "இன்னாடா இது, ஆளுங்க எல்லாம் நெழலாட்டம் நிக்கிறானுங்க?" என்றான் நண்பன். அப்படியே ஒரு ஓவர் ஆடினோம்.

விடை கண்டது என் தங்கை. பத்தாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள், கேமுக்குப் பின்னால் டெர்மினல் ஜன்னலில் ஓடிய வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "லிப்டிஎக்ஸ்சி டிஎக்ஸ்டிஎன்னாம், திறக்க முடியலையாம்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வரிகளைக் குப்பை என்று நினைத்து ஜன்னலைச் சுருக்கி வைத்திருந்தோம். அவள் அதைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த முறை போளூரில் அந்தப் பெயரைத் தேடினேன்.

ஆட்டக்காரர்களின் முகமும் சட்டையும் கேமுக்குள் எஸ்3டிசி என்ற முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சுருக்கத்துக்குக் காப்புரிமை இருந்தது. லினக்ஸில் முப்பரிமாணப் படம் வரையும் மேசா என்ற கட்டற்ற மென்பொருள், வழக்கு வந்துவிடக் கூடாது என்று அதை விரித்துப் படிக்கும் நிரலைத் தன்னோடு சேர்க்காமல் விட்டிருந்தது. வேண்டுகிறவர்கள் தனியாக ஒரு சின்ன நூலகக் கோப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் தங்கை படித்த பெயர். எங்கோ ஒரு நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தால் சந்தவாசலில் ஒரு கிரிக்கெட் அணிக்கு முகம் இல்லாமல் போனது. அந்தக் காப்புரிமை 2017 அக்டோபரில் காலாவதியாயிற்று. உடனே மேசா அந்த நிரலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இப்போது லினக்ஸ் போடுகிற பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இருந்ததே தெரியாது.

கோப்பைப் போட்டதும் முகம் வந்தது, மஞ்சள் சட்டை வந்தது. சத்தத்தின் கரகரப்பு மட்டும் நீடித்தது. கேமைத் தொடங்கும் கட்டளைக்கு முன்னால் 'பல்ஸ் லேட்டன்சி எம்செக் 60' என்று ஒன்றைச் சேர்த்தால் போய்விடும் என்று அண்ணன் போனில் சொன்னார். ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு, திணறாமல் வெளியே விடச் சொல்கிற கட்டளை. அதுவும் பலித்தது.

2012-இன் மின்வெட்டு தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இருக்காது. கரண்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள், மிக்ஸி ஓடும். நாங்கள் மடிக்கணினிக்குச் சார்ஜ் போடுவோம். கரண்ட் போனதும் திண்ணையில் ஆட்டம் தொடங்கும். தெருவே இருட்டு, எங்கள் திண்ணையில் மட்டும் சேப்பாக்கம் மாதிரி வெளிச்சம். ஓவருக்கு ஓர் ஆள் என்று முறை. பேட்டரி தீர்வதற்குள் பத்து ஓவர் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். விண்டோஸ் இருந்த வீட்டுப் பிள்ளைகளும் இங்கே வந்து ஆடினார்கள்; இங்கே வைரஸ் இல்லை.

கேம் ஆடிக் கெட்டுப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதும் இருந்தது. அரசாங்கம் படிக்கக் கொடுத்ததை இதுங்க விளையாடி வீணாக்குதுங்க என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பெரியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் அவர்கள் பார்த்தது பாதிதான். 'கட்டளை வரியைக் கற்றுக்கொள், வேலை கிடைக்கும்' என்று சொல்லி இருந்தால் பதினேழு வயதில் நான் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன். நோட்டின் பின்பக்கம் இருநூறு கோப்புப் பெயர்களை எழுத வைக்கும் வலு எந்தப் பாடத்துக்கும் இல்லை, கிரிக்கெட்டுக்கு இருந்தது. பிழைச் செய்தி என்பது நம்மைத் திட்டுவது அல்ல, என்ன வேண்டும் என்று சொல்வது என்பதை எங்களுக்குத் தங்கை கற்றுக்கொடுத்தாள். விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவரை எங்களில் ஒருவரும் கணினியைப் பற்றி எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று நான் சென்னையில் சர்வர்களைப் பராமரிக்கிறேன். அத்தனையும் லினக்ஸ். நண்பன் ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் கடைக் கணினியும் லினக்ஸில்தான் ஓடுகிறது, அச்செடுக்கிற ஒரு பழைய விண்டோஸ் நிரல் மட்டும் வைன் வழியாக.

அதன் பிறகு காலம் வேகமாக ஓடிவிட்டது. 2013-இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற தன் கேம் கடையை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2018-இல் பிலிப் ரெபோலே என்ற ஜெர்மானிய இளைஞர் நியர் ஆட்டோமேட்டா என்ற கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்எக்ஸ் 11-ஐ, ஓபன்ஜிஎல் போலப் படம் வரையும் வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுதி வெளியிட்டார். அவரையும் எழுத வைத்தது ஒரு கேம்தான் என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வைனையும் டிஎக்ஸ்விகேவையும் சேர்த்து வால்வ் 'புரோட்டான்' என்று வெளியிட்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில்தான் ஓடுகிறது. அதில் ஆடுகிறவர்கள் ஆடுவதோ பெரும்பாலும் விண்டோஸ் கேம். நாங்கள் போளூருக்கும் சந்தவாசலுக்கும் அலைந்து முடித்த வேலை, இப்போது ஒரு கிளிக். எல்லாமே ஓடிவிடாது. வேலரண்ட் போல, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க இயங்குதளத்தின் கரு வரை சென்று உட்காரும் நிரல் உள்ள கேம்கள் லினக்ஸில் ஓடுவதில்லை. தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரியோடு நின்றன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய இயந்திரங்களை ஏற்காது. பழுதானது என்று நினைத்து மூட்டை கட்டிப் பரணில் போட்டதில் எத்தனையோ உண்மையில் பழுதானவை அல்ல. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி மடிக்கணினியோ டேப்லெட்டோ தரப்படும் என்று அறிவித்தார்கள். புதியவற்றுக்கும் ஒரு நாள் இதே வயது வரும்.

பரணில் இருப்பதை இறக்குங்கள். பேட்டரி செத்திருந்தால் சார்ஜர் வயரோடே ஓடட்டும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிப் போடுங்கள். ஒரு மணி நேர வேலை, காசு கிடையாது. வீட்டுப் பிள்ளை முதலில் கேட்பது கேமாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எப்படி ஓட வைப்பது என்று அவனையோ அவளையோ கண்டுபிடிக்க விடுங்கள். கண்டுபிடித்ததை மறக்காமல் தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அன்று எங்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வைக்க ஆள் இருந்திருந்தால், போளூருக்கு அத்தனை முறை பேருந்தேறி இருக்க மாட்டோம்.